பயந்தாங்கொள்ளிக் கடை

எனக்கு ஒழுங்கா எழுத வராது. அஞ்சாம் வகுப்போட நின்னவ நான். ஒண்ணு சொல்ல வந்து இன்னொண்ணுல போயிடுவேன், நடுவுல மறந்தும் போயிடும். மிஷின் சமாச்சாரத்துல பேரெல்லாம் மாத்திச் சொன்னாலும் சொல்லியிருப்பேன். பொறுத்துக்கிட்டுப் படிங்க.

நான் சொல்லப்போற ஆளோட பேரைப் போடல. அதுக்குப் பிடிக்காது. கூத்தாநல்லூர்ல எல்லாரும் லாத்தான்னு கூப்பிடுவாங்க. முஸ்லிம் வீடுகள்ல அக்காவை அப்படித்தான் கூப்பிடறது. வயசுல என் மக மாதிரிதான், இருந்தாலும் நானும் லாத்தான்னே சொல்லிப் பழகிட்டேன். வீட்டு முன்கூடத்துல மேஜை போட்டு லேப்டாப்பு, ஹார்டு டிஸ்க்கு எல்லாம் ரிப்பேர் பார்க்கும். போர்டு கிடையாது. பொம்பளைங்கதான் நிறைய வருவாங்க. வீட்டு விசேஷ வீடியோ, பிள்ளைங்க போட்டோ இதெல்லாம் ஆம்பளை கடையில குடுக்க மனசு வராதில்லையா. சிங்கப்பூர், சவுதின்னு போனவங்க புதுசா ஒண்ணு வாங்கிக்கிட்டுப் பழசைத்தான் வீட்டுக்குக் கொண்டாந்து போடுவாங்க. அதனால அந்தக் கூடம் பூரா பழைய லேப்டாப்புதான். நான் அந்த வீட்டுக்குப் பால் ஊத்தப் போவேன். கூப்பிட்டாலொழிய உள்ள போக மாட்டேன், கதவு ஓரமா நிப்பேன். பார்த்ததெல்லாம் அங்கேருந்து பார்த்ததுதான்.

ஊர்ல அதுக்குப் பேரு பயந்தாங்கொள்ளிக் கடை.

மத்தவங்கல்லாம் "குடுங்க, பார்த்துடலாம்"னு கையை நீட்டுவாங்க. லாத்தா கையில வாங்கவே வாங்காது. "மேஜையில வைங்க"ன்னு சொல்லும். வச்சப்புறம் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கிட்டு இருக்கும், பாம்பு கிடக்கற மாதிரி. அப்புறம் ஒரே கேள்வி. "இதுல இருக்கறது வேற எங்கயாவது இருக்கா?" இல்லன்னு சொன்னா முகம் சுருங்கிடும். "ஏன் இல்ல? ஏன் வச்சுக்கல?"ன்னு நம்மள திட்டற மாதிரி கேக்கும்.

எந்த மிஷினைத் திறக்கறதா இருந்தாலும் முதல்ல ஜன்னல் கம்பியைத் தொடும். உடம்புல இருக்கற கரண்டு அதுல எறங்கிடுமாம். நைலக்ஸ் புடவை கட்டிக்கிட்டு வந்தவங்களை மேஜைக்குப் பக்கத்துலயே விடாது. ஒரு தடவை ஒரு அம்மா, "என்ன லாத்தா, எங்கிட்ட என்ன தீட்டா?"ன்னு கேட்டுடுச்சு.

"தீட்டு இல்லக்கா. உங்க புடவையில பொறி இருக்கு."

"பொறியா! என் புடவையப் பத்தி நீ பேசாத!"ன்னு அந்தம்மா இன்னும் கோவமா போயிடுச்சு. அது போனப்புறமும் லாத்தா சிரிக்கல. வாசலையே பார்த்துட்டு, "நிஜமாத்தான் பொறி இருக்கும் பெரியம்மா"ன்னு எங்கிட்ட சொல்லுச்சு.

டிஸ்க்கு ஓடுதான்னு பார்க்க மின்விசிறியை நிறுத்திட்டுக் காதை வச்சுக் கேக்கும். எல்லாரும் மூச்சை அடக்கிக்கிட்டு இருக்கணும். உள்ள டிக்குன்னு சத்தம் வந்தா உடனே வயரைப் புடுங்கிடும். "என்னால ஆகாது, மெட்ராஸ் கொண்டுபோங்க, நடுவுல யாரும் தொட வேணாம்"னு துணியில சுத்திக் குடுத்துடும். துட்டுக்கும் நஷ்டம், பேருக்கும் நஷ்டம். ஆனா அதால முடியாது.

எனக்கு ரொம்ப மனசுல நிக்கறது இன்னொண்ணு. திரையில ஏதாவது கேள்வி வந்து நின்னா, லாத்தா ரெண்டு கையையும் தொடைக்கு அடியில வச்சு அது மேல உக்காந்துக்கும். கேள்வியை முழுசாப் படிச்சு முடிக்கற வரைக்கும் கையை வெளியில எடுக்காது. சின்னப் பிள்ளை தப்பு பண்ணிட்டு உக்காந்திருக்கற மாதிரி இருக்கும் பார்க்க. ஏன்னு ஒரு பொண்ணு கேட்டப்ப, "கை முந்திக்கும்"னு மட்டும் சொல்லுச்சு. இன்னொரு நாளு தானா, "எங்க வீட்டுதும் ஒண்ணு போயிருக்கு பெரியம்மா"ன்னுச்சு. என்ன போச்சு, எப்படிப் போச்சுன்னு நான் கேக்கல. கேக்கத் தெரியாது எனக்கு.

ஒரு பெரியவர் வந்தார். மகளோட நிக்காஹ் வீடியோ டிஸ்க்குல இருக்காம். டிஸ்க்கு புதுசு, பெருசு. வீட்டு லேப்டாப்பு ரொம்பப் பழசு. சொருகினதும் லேப்டாப்பு ஃபார்மட்டுன்னு ஏதோ கேட்டிருக்கு. இவரு சரின்னு அமுக்கிட்டார். எல்லாம் போச்சு.

"எதுக்கு மாமா சரின்னு சொன்னீங்க?"

"மரியாதையா கேட்டுச்சும்மா. ஆமா, இல்லன்னு ரெண்டு போட்டிருந்துச்சு. இல்லன்னா நல்லா இருக்காதேன்னு..."

லாத்தா சத்தம் போட்டு நான் பார்த்தது அன்னைக்கு ஒரு நாள்தான். "அது டிஸ்க்கு காலின்னு சொல்லல மாமா! எனக்குப் படிக்கத் தெரியலன்னு சொல்லுது. அது காலத்துல இவ்வளவு பெரிய டிஸ்க்கே கிடையாது. படிக்கத் தெரியாததுகிட்ட போயி, சரி அழிச்சுக்கன்னு சொல்லுவாங்களா?"

எனக்குச் சுருக்குன்னுச்சு. லாத்தா என் பக்கம் திரும்பி, "உங்களைச் சொல்லல பெரியம்மா"ன்னுச்சு. அது சொன்னப்புறம்தான் கூடத்துல இருந்தவங்க எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தாங்க.

உள்ளதைச் சொல்லணும்னா, அங்க போயிட்டு வந்தா அதோட பயம் எனக்கும் ஒட்டிக்கும். வீட்டுக்கு வந்து அடுப்பை அணைச்சேனா, மாட்டைக் கட்டினேனான்னு திரும்பத் திரும்பப் பார்ப்பேன். பாலை வேற ஆளுகிட்ட குடுத்து அனுப்பலாமான்னுகூட நினைச்சிருக்கேன்.

அப்புறம் எங்களுக்கே வந்துச்சு.

என் மக எங்களோடதான் இருந்தா. மருமகன் சிங்கப்பூர்ல. அவளுக்கு ஓயாம தலைவலி. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில படம் எடுத்துப் பார்த்தப்ப, தலைக்குள்ள ரத்தக்குழாய்ல ஒரு இடத்துல புடைச்சிருக்குன்னு சொன்னாங்க. சைக்கிள் டியூப்ல ஒரு இடத்துல உப்பிக்கிட்டு நிக்குமே, அது மாதிரின்னு டாக்டர் படம் போட்டுக் காட்டினார்.

டாக்டர் கேட்டார், "இதுக்கு முன்னாடி எப்பவாவது தலையில படம் எடுத்திருக்கீங்களா?"

எடுத்திருக்கு. சில வருஷம் முன்ன ஸ்கூட்டில விழுந்து அடிபட்டப்ப, நாகப்பட்டினத்துல ஊசி போட்டு எடுத்தாங்க. அப்ப அடிபட்ட இடத்தைத்தான் பார்த்தாங்க, இதை யாரும் கவனிக்கல.

"அந்தப் படம் வேணும். அப்பவே இது இருந்து, இன்னும் அதே அளவுல இருந்தா தொட வேணாம், பார்த்துக்கிட்டே இருக்கலாம். அப்புறமா வந்து பெருசாகிக்கிட்டு இருந்தா தலையைத் திறந்துதான் ஆகணும்."

"படம் கிடைக்கலன்னா?"ன்னு மக கேட்டா.

"திறக்கறதும் ஆபத்துதான், விடறதும் ஆபத்துதான். கண்ணைக் கட்டிக்கிட்டு முடிவு எடுக்கற மாதிரி ஆயிடும்மா."

நாகப்பட்டினத்துல அந்த ஸ்கேன் சென்டரே இப்ப இல்ல. அவங்க குடுத்த சிடி எப்பவோ உடைஞ்சு போச்சு. மருமகன் போன்ல சொன்னார், "பீரோவுல என் பழைய லேப்டாப்பும் ஒரு கறுப்பு டிஸ்க்கும் இருக்கும் அத்தை. எல்லாத்தையும் அதுலதான் போட்டு வச்சேன். ஏதோ பூட்டு போட்டேன், நம்பரு ஞாபகம் இல்ல."

எடுத்துச் சொருகினா டிஸ்க்குல வெளக்கே எரியல.

நான் லாத்தாகிட்ட போகலாம்னேன். வீட்டுக்காரர் கேக்கல. "அது யோசிச்சு முடிக்கறதுக்குள்ள தை பொறந்துடும்"னு பஸ் ஸ்டாண்டு பக்கத்துல இருக்கற கடைக்குக் கூட்டிக்கிட்டுப் போனார். அந்தத் தம்பியும் நல்ல பையன்தான், குத்தம் சொல்ல மாட்டேன். சிரிச்ச முகம். "பெரியவரே, டிஸ்க்கு நல்லாத்தான் இருக்கும், மேல இருக்கற கூடுதான் செத்துருக்கு. கூட்டை மாத்திட்டா முடிஞ்சுது"ன்னு டீ குடிக்கற நேரத்துல கழட்டி வேற கூட்டுல போட்டு அவரோட கம்ப்யூட்டர்ல மாட்டினார். வெளக்கு எரிஞ்சுச்சு. திரையில ஒரு கேள்வி வந்து நின்னுச்சு.

"காலியாத்தாங்க இருக்கு. ஒண்ணுமே இல்ல. ஃபார்மட் போட்டுத் தரேன், டிஸ்க்காவது உபயோகப்படும்"னு மவுஸை நகர்த்தினார்.

"வேணாம்!"

கத்தினது நான்தான். அன்னிய ஆம்பளை முன்னாடி நான் வாய் திறந்ததே கிடையாது. கடையில எல்லாரும் பார்த்தாங்க. வீட்டுக்காரர், "ஏண்டி, உனக்கென்ன தெரியும்?"ன்னார். எனக்கு ஒண்ணும் தெரியாது. நிக்காஹ் வீடியோ போன அந்தப் பெரியவரோட முகம் மட்டும் ஞாபகம் வந்துச்சு. டிஸ்க்கைப் பிடுங்காத குறையா வாங்கி முந்தானையில சுத்தப்போனேன். பொறி ஞாபகம் வந்து பையிலயே போட்டுக்கிட்டேன்.

லாத்தா எல்லாத்தையும் கேட்டுச்சு. மேஜையில வச்சதைப் பார்த்துட்டு, "இதோட பழைய கூடு எங்க?"ன்னுச்சு.

"அது செத்துப்போச்சும்மா, அங்கேயே போட்டுட்டு வந்துட்டோம்"னார் வீட்டுக்காரர்.

லாத்தா நாற்காலியைப் பிடிச்சுக்கிட்டு எழுந்திரிச்சுச்சு. "பெரியப்பா, பூட்டு டிஸ்க்குல இல்ல. அந்தக் கூட்டுலதான் பூட்டு. உள்ள போறதை அது பூட்டிப் போடும், வர்றப்ப அதுதான் திறந்து குடுக்கும். வேற கூட்டுல போட்டா ஒண்ணுமே இல்லாத மாதிரிதான் தெரியும். சாவி உங்க மருமகனோட பழைய லேப்டாப்பு ஞாபகத்துல இருக்கு. ரெண்டும் வேணும். போங்க, ஓடுங்க."

வீட்டுக்காரர் வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு ஓடினதை அன்னைக்குத்தான் பார்த்தேன். அங்க நடந்ததை அவரே வந்து சொன்னார். "அந்தப் பழைய கூடு எங்க தம்பி?"ன்னு இவர் கேக்க, "அது குப்பைங்க பெரியவரே"ன்னு அவர் சொல்ல, "என் மக தலை அதுக்குள்ள இருக்குடா!"ன்னு இவர் நடு பஜார்ல கத்தியிருக்கார். அந்தத் தம்பி பதறிப்போயி கடைக்குப் பின்னாடி குப்பைக் கூடையைக் கவுத்து ரெண்டு பேரும் உக்காந்து பொறுக்கியிருக்காங்க. டீ கப்பு, வாழைப்பழத் தோலு எல்லாத்துக்கும் அடியில கிடந்துச்சாம்.

கூட்டையும், நானும் மகளும் வீட்டுலேருந்து கொண்டாந்த லேப்டாப்பையும் பூதக்கண்ணாடியில பார்த்துட்டு லாத்தா எங்களைப் பார்த்துச்சு. வயர் சொருகற வாய்க்குள்ள மஞ்சளா ஏதோ இறுகிப்போயி, ஓரமெல்லாம் பச்சை பூத்துக் கிடந்துச்சு. லேப்டாப்போட வயர் ஓட்டை, பக்கவாட்டுல அட்டை சொருகற வாய், எல்லாத்துலயும் அதே.

"என்ன பெரியப்பா இது?"

வீட்டுக்காரர் தலையைச் சொறிஞ்சார். "சந்தனம்மா. ஆயுத பூஜைக்கு வைப்பேன்."

மண்வெட்டி, அரிவாள், மருந்தடிக்கற மிஷின், டிவி, ஒண்ணு விடாம வைப்பார். வருஷா வருஷம் பீரோவைத் திறந்து இது ரெண்டையும் எடுத்துச் சந்தனம் குங்குமம் வச்சுத் திரும்பப் பத்திரமா உள்ள வச்சிருக்கார்.

"மேல வைக்கக் கூடாதா? ஓட்டைக்குள்ளயா வைப்பாங்க?"

"மேல வச்சா காஞ்சு உதிர்ந்துடும்மா. ஓட்டையில வச்சா நிக்கும்."

மக சிரிச்சுட்டா. அவ்வளவு நாள் கழிச்சு அவ சிரிச்சு அப்பத்தான் பார்த்தேன். லாத்தா மட்டும் சிரிக்கல. "எனக்குப் பயமா இருக்கு பெரியம்மா. வேற எங்கயும் இல்லாத ஒண்ணை எங்கிட்ட குடுக்காதீங்க"ன்னுச்சு. கண்ணு கலங்கியிருந்துச்சு.

யாருகிட்ட குடுக்கறது? மெட்ராஸுக்கு அனுப்பினா எப்ப வரும்னு தெரியாது. புடைப்பு அது வரைக்கும் பொறுக்குமா? தும்மினாக்கூட நான் ஓடிப்போயி மகளைப் பார்த்துக்கிட்டு இருந்த நேரம் அது. நான் அங்கேயே நின்னேன். போகாம நின்னதுதான் நான் செஞ்சது.

மறுநாள் காலையில வரச் சொல்லுச்சு. அதுக்கு முன்னாடி லைன்மேனைப் பார்த்து, இன்னைக்குக் கம்பியில வேலை இருக்கா, கரண்டு போகுமான்னு கேட்டுட்டு வரச் சொல்லுச்சு. வீட்டுக்காரர் ஒரு வார்த்தை மறுத்துப் பேசாமப் போயிக் கேட்டுட்டு வந்தார்.

கூட்டோட வாயை ஸ்பிரிட்டு நனைச்ச பிரஷ்ஷால கொஞ்சம் கொஞ்சமா சுரண்டி எடுத்துச்சு. டிஸ்க்கைத் திரும்ப அதுக்குள்ளயே வச்சு மூடுச்சு. லேப்டாப்புல டிஸ்க்கு வயர் ஓட்டை எல்லாம் வீணாப் போயிடுச்சு, அதனால பக்கவாட்டு வாயைச் சுத்தம் பண்ணி ஒரு தகட்டு அட்டையைச் சொருகுச்சு. அந்த அட்டையில புது ஓட்டைங்க இருக்கும். முதல்ல போட்ட அட்டையை லேப்டாப்பு ஏத்துக்கல, திரை நீலமாப் போயி நின்னுடுச்சு. லாத்தா பழைய சாமான் டப்பாவைக் கொட்டித் தேடி, அந்த லேப்டாப்பு வயசுக்கே இன்னொரு அட்டை எடுத்துப் போட்டுச்சு. அதை ஏத்துக்குச்சு.

மின்விசிறியை நிறுத்துச்சு. டிஸ்க்கை மாட்டி, குனிஞ்சு காதை வச்சுச்சு. சுத்த ஆரம்பிச்சு, உடனே தேஞ்சு, டிக்குன்னுச்சு. லாத்தா வயரைப் புடுங்கிட்டுச் சுவத்துல சாஞ்சிடுச்சு. மூஞ்சியெல்லாம் வேர்வை. துணியை எடுத்துச்சு. சுத்திக் குடுத்துடப்போகுதுன்னு நினைச்சேன். எனக்கு அழுகை வந்துச்சு.

ஆனா சுத்தல. துணியால முகத்தைத் துடைச்சுக்குச்சு. "டிஸ்க்குல படிக்கற தலை தட்டற டிக்கு இல்ல. பசியில நிக்கற டிக்கு. அட்டைக்கு இதைச் சுத்தற அளவுக்குக் கரண்டு குடுக்கத் தெம்பு இல்ல"ன்னு தனக்குத்தானே சொல்லிக்குச்சு. ரெண்டு தலை வச்ச வயர் ஒண்ணு எடுத்து, ஒரு தலையை அட்டையிலயும் இன்னொண்ணைத் தனியா கரண்டுலயும் மாட்டுச்சு. மாட்டறதுக்கு முன்ன கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கிட்டு வாய்க்குள்ள ஓதுச்சு. நானும் எனக்குத் தெரிஞ்ச சாமியை எல்லாம் கூப்பிட்டேன்.

டிஸ்க்கு சுத்துச்சு. நிக்கல. திரையில ஒரு கட்டம் வந்துச்சு, அதுல ரெண்டு பொத்தான்.

லாத்தா கை ரெண்டும் தொடைக்கு அடியில போயிடுச்சு.

"என்ன லாத்தா போட்டிருக்கு?"ன்னு கேட்டேன்.

"ஒண்ணு திற. ஒண்ணு அழி. பக்கத்துல பக்கத்துல வச்சிருக்கான் பெரியம்மா. எவன் வச்சான் இப்படி?"

படிச்சுச்சு. திரும்பப் படிச்சுச்சு. கை வெளியில வரவே இல்ல. அது கண்ணு திரையில இல்ல, வேற எங்கயோ இருந்துச்சு. இதே மாதிரி ஒரு கட்டத்துக்கு முன்னாடி எப்பவோ உக்காந்திருந்த நாளுக்குப் போயிடுச்சுன்னு எனக்குப் பட்டுது.

மகதான் எழுந்து போனா. அதோட தோளைத் தொட்டு, "லாத்தா, நீங்க பயந்து முடிக்கறதுக்குள்ள எனக்கு வெடிச்சிடும். என் தலைதானே, நானே அமுக்கறேன். எது திற?"ன்னா.

லாத்தா கையை எடுக்காம தாடையால காட்டுச்சு. "இடது. இடது பக்கம். உங்க இடது. அமுக்காதீங்க, இருங்க... அதேதான். அமுக்குங்க."

மக அமுக்கினா. உள்ள இருந்ததெல்லாம் வரிசையா வந்து நின்னுச்சு.

"படத்தைத் திறந்து பாரேம்மா"ன்னேன்.

"திறக்கக் கூடாது. முதல்ல காப்பி"ன்னு லாத்தா அப்பத்தான் கையை வெளியில எடுத்துச்சு. ரத்தம் கட்டிச் செவந்து கிடந்துச்சு கை. வேற டிஸ்க்குல ஒண்ணு, பென் டிரைவுல ஒண்ணுன்னு போட்டு முடிச்சப்புறம்தான் ஒரு படத்தைத் திறந்துச்சு. சாம்பல் கலர்ல என் மகளோட மண்டைக்குள்ள தெரிஞ்சுது. நான் பார்க்கல, திரும்பிக்கிட்டேன்.

தஞ்சாவூர்ல டாக்டர் ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அப்பவும் அது அங்க இருந்திருக்கு. அதே அளவு. தொட வேணாம், வருஷம் ஒரு தரம் படம் எடுத்துப் பார்த்தாப் போதும்னு சொல்லிட்டார்.

பஸ்ஸை விட்டு எறங்கி நேரா லாத்தா வீட்டுக்குத்தான் போனோம். வீட்டுக்காரர் ஒரு சீப்பு பழம் வாங்கியிருந்தார். நான் முதல் தடவையா அது கூப்பிடாமலே உள்ள போனேன். சேதியைச் சொன்னா அது கட்டிப் பிடிச்சுக்கும்னு நினைச்சேன். லாத்தா தலையை ஆட்டிக் கேட்டுட்டு, "இன்னைக்கு எடுத்த படம் எங்க?"ன்னுச்சு.

"பையில இருக்கு."

"குடுங்க. காப்பி எடுக்கணும். அடுத்த வருஷம் இதுதானே பழைய படம்."

எங்க மூணு பேர் முகமும் வாடிப்போச்சு. அன்னைக்கு எனக்குக் கோவம்தான் வந்துச்சு. ஒரு நாளாவது சந்தோஷமா இருக்க விடாதான்னு. இப்ப இல்ல.

லாத்தா பிறகு ஊரைவிட்டுப் போயிடுச்சு. புருஷன் கூட வெளிநாடு போச்சுன்னும் சொல்றாங்க, மயிலாடுதுறையில அண்ணன் வீட்டுல இருக்குன்னும் சொல்றாங்க. அந்த வீட்டுல இப்ப வேற யாரோ இருக்காங்க, பாக்கெட் பால் வாங்கறாங்க. வீட்டுக்காரர் இப்பவும் ஆயுத பூஜைக்குச் சந்தனம் வைக்கறார், டிஸ்க்கு இருக்கற டப்பா மேல மட்டும்.

மக நல்லா இருக்கா. வருஷா வருஷம் படம் எடுக்கறோம், வருஷா வருஷம் பழசை வச்சுப் பார்த்துட்டு அதே அளவுன்னு சொல்றாங்க. எல்லாம் லாத்தா போட்டுக் குடுத்த அந்த டிஸ்க்குலதான் சேருது.

பூட்டு கூட்டுக்குள்ள இருக்கும்னு நான் எழுதினது, அட்டைக்குத் தெம்பு பத்தாதுன்னு எழுதினது, இதெல்லாம் சரியான்னு விவரம் தெரிஞ்சவங்க யாராவது பார்த்துத் திருத்தணும். இன்னொண்ணும் கேக்கணும். ஒரு டிஸ்க்கைச் சும்மா பீரோவுல வச்சிருந்தா எத்தனை வருஷம் தாங்கும்னு லாத்தா கிளம்பற அன்னைக்கு எங்கிட்ட சொல்லுச்சு. அதுக்குள்ள வேற டிஸ்க்குக்கு மாத்திடணும்னு ரெண்டு தடவை சொல்லுச்சு. எனக்கு மறந்துபோச்சு. அது எத்தனை வருஷம்னு மட்டும் யாராவது சொல்லுங்க. அடுத்த மாசம் மகளுக்குப் படம் எடுக்கணும்.